எரிச்சே: மலை ஏறிப்போய் மூட்டம் பார்த்த கதை

கேள்வி, ஏப்ரல் 14

சிசிலிக்குக் குடும்பத்தோடு போனோம். மலைமேல் பழைய ஊர், கீழே கடல் முழுக்கத் தெரியும், கட்டாயம் போங்கள் என்று ஆளுக்காள் சொன்னதால் எரிச்சேக்கு ஏறினோம். ஒன்றும் தெரியவில்லை. நாலு பக்கமும் புகைமாதிரி மேகம், பிள்ளைகளுக்குக் குளிர், கடைகளில் பாதி பூட்டு. கல்லு ஒழுங்கைகளுக்குள் இரண்டு மணித்தியாலம் சுற்றிவிட்டு இறங்கி வந்தோம். சுற்றுலா வாறவனை ஏமாற்றுகிற ஊர் என்பது என் முடிவு. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

ஏப்ரல் 14, இரவு

இருக்கிறது. இங்கே சிசிலியிலேயே, பலெர்மோவில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், எரிச்சேக்கு ஏழு தடவை போயிருப்பேன், அதில் நாலு தடவை உங்களுக்குக் கிடைத்த அதே மூட்டம்தான். முதல் தடவை நானும் திட்டிக்கொண்டுதான் இறங்கினேன். வீட்டுக்காரி புதுச் சேலை உடுத்திப் படம் எடுக்கவென்று வந்த நாள் அது, படத்தில் சேலையும் இல்லை மலையும் இல்லை, வெள்ளையாய் ஏதோ சுவருக்கு முன்னால் நிற்கிறமாதிரி ஒரு தலை மட்டும்.

மூட்டம் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தனி மலை. கடலோரச் சமவெளியில் இருந்து கிட்டத்தட்ட 750 மீட்டர் நேரே எழும்பி நிற்கிறது. கடலில் இருந்து வரும் ஈரக்காற்று அதில் மோதி மேலே ஏறி, ஏற ஏறக் குளிர்ந்து, உச்சிக்கு வரும்போது மேகமாகிவிடும். கீழே திராப்பனி நகரத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், அங்கே நின்று பார்த்தால் மலை வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தொப்பிக்குள்தான் நீங்கள் இரண்டு மணித்தியாலம் நடந்திருக்கிறீர்கள். ஊர்க்காரர் அதை 'வீனஸின் முத்தங்கள்' என்பார்கள். சளி பிடிக்கிற முத்தம், ஓகஸ்டில் போனாலும் ஒரு கம்பளிச்சட்டை வேண்டும்.

எனக்கு அந்த ஊர் பிடிபட்டது மூன்றாவது தடவைதான், அதுவும் மூட்டத்தில்தான். தூரம் தெரியாதபோது மனிதன் காலடியைப் பார்க்கிறான். அந்த ஊர்த் தரையைப் பார்த்தீர்களா? நீளக் கற்களைச் சட்டம்போலப் பதித்து, சட்டத்துக்குள் சின்னச் சின்ன உருண்டைக் கற்களை நெருக்கி அடுக்கியிருப்பார்கள், தெரு முழுக்கக் கோலம் போட்டமாதிரி. மழையோ மூட்டமோ பட்டால் கல் கறுத்துப் பளபளக்கும். இரண்டு பக்கமும் உயரமான வெற்றுச் சுவர். தெருப் பக்கம் ஜன்னல்கூட அதிகம் இல்லை. எங்கேயாவது ஒரு கதவு பாதி திறந்திருந்தால் உள்ளே முற்றம், பூச்சட்டிகள், மேலே போகிற கல்படி, கொடியில் துவாய். வீடுகள் எல்லாம் உள்ளுக்குள்ளே முகத்தை வைத்திருக்கின்றன. உலகத்தில் பாதிப்பேர் காசு கொடுத்துப் பார்க்கிற கடலுக்கு இந்தச் சனம் முதுகைக் காட்டிக்கொண்டு வீடு கட்டியிருக்கிறது. காற்றையும் குளிரையும் நினைத்தால் விளங்கும். கடல் காட்சி எங்களுக்குத்தான் வேண்டும், அங்கே ஜனவரியைக் கழிக்கிறவனுக்கு இல்லை.

ஏப்ரல் 15

வேலைக்குப் போகிற பஸ்ஸில் எழுதுகிறேன். கடைகள் பூட்டு என்று சொன்னீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள்? ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் சிசிலியில் நாய்கூடத் தூக்கம்.

இன்னொன்று. கேபிள் கார் டிக்கெட் எடுக்க முதல் தலையைத் தூக்கி உச்சியைப் பாருங்கள். மேலே போக ஒரு பத்து நிமிடம்தான், ஆனால் காற்று பலமென்றால் நிறுத்திவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் பராமரிப்புக்கு நிறுத்துவதும் வழக்கம். நான் ஒரு திங்கட்கிழமை காலையில் போய் நின்ற மனிதன்.

ஏப்ரல் 17

'ஏமாற்றுகிற ஊர்' என்ற சொல் இரண்டு நாளாய் மண்டைக்குள் நிற்கிறது, ஏனென்றால் அந்தக் குற்றச்சாட்டு உங்களுடையது முதலாவது இல்லை. கிட்டத்தட்ட 2,400 வருடத்துக்கு முதலே ஏதென்ஸ்காரர் அங்கே ஏமாந்திருக்கிறார்கள்.

சங்கதி இதுதான். பக்கத்து ஊர் செஜெஸ்தாவுக்கும் தெற்குக் கரையில் இருந்த செலினுந்தேவுக்கும் சண்டை. செஜெஸ்தா ஏதென்ஸிடம் உதவி கேட்டது, படைச் செலவை நாங்கள் தருவோம் என்றது. காசு இருக்கிறதா என்று பார்க்க ஏதென்ஸ் தூதர்களை அனுப்பியது. அவர்களை இந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அம்மன் கோயிலில் இருந்த கிண்ணம், குவளை, தூபக்கால் எல்லாவற்றையும் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் வெள்ளி. பார்வைக்கு மலைமாதிரி, பெறுமதி அவ்வளவு இல்லை. பிறகு வீடுவீடாய் விருந்து. ஒவ்வொரு வீட்டிலும் பொன், வெள்ளிக் கோப்பைகள். உண்மையில் அக்கம்பக்கத்து ஊர்களில் எல்லாம் இரவல் வாங்கின அதே கோப்பைகளைத்தான் வீட்டுக்கு வீடு மாற்றிமாற்றி வைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டுக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போகிற கதை. தூதர்கள் வாயைப் பிளந்துகொண்டு ஊருக்குப் போய்ச் சொல்ல, கிமு 415இல் ஏதென்ஸ் கடற்படை புறப்பட்டது. வந்து கணக்குப் பார்த்தால் செஜெஸ்தாவிடம் இருந்தது அந்தக் காலத்துப் பணத்தில் வெறும் முப்பது தாலந்து. இரண்டு வருடத்தில் அந்தப் படை சிராக்கூசாவில் அழிந்தே போனது. இதை எழுதி வைத்தவர் ஏதென்ஸ்காரரான வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ்தான்.

நீங்கள் கேபிள் கார்க் காசோடு தப்பிவிட்டீர்கள்.

ஏப்ரல் 17, கொஞ்சம் பிந்தி

அம்மன் கோயில் என்று எழுதியதற்கு ஒருவர் 'என்ன அம்மன்' என்று கேட்டிருக்கிறார். தெற்கு முனையில் பாறை விளிம்பில் இப்போது இருப்பது நோர்மன்காரர் கட்டின கோட்டை, 12ஆம் நூற்றாண்டு. அதற்குள்தான் பழைய கோயில் இருந்தது. பழங்காலக் கடல்வணிகரான ஃபினீசியருக்கு அஸ்தார்த்தே, கிரேக்கருக்கு அஃப்ரோடைட்டி, ரோமருக்கு வீனஸ். ஆள் மாற மாறப் பெயரை மாற்றினார்கள், இடத்தை மாற்றவில்லை. ரோமர் இந்த வீனஸைத் தங்கள் தலைநகருக்கே கொண்டுபோய்க் கப்பித்தோலியக் குன்றில் ஒரு கோயில் வைத்தார்கள், கிமு 215இல்.

இந்தப் பாறையைக் கடலில் இருந்து பாருங்கள், எதிரே இருக்கிற ஃபவிஞ்ஞானா தீவுக்குப் போகிற படகில் இருந்து பார்த்தாலே போதும். திராப்பனி முனை தண்ணீருக்குள் அரிவாள்மாதிரி வளைந்து போகிறது (பழைய கிரேக்கப் பெயர் திரெப்பானொனுக்கு அர்த்தமே அரிவாள்), அதற்குப் பின்னால் மலை. ஆபிரிக்காப் பக்கம் இருந்து வருகிற மாலுமிக்குக் கரை தட்டுப்பட முதல் இந்த மலை தட்டுப்பட்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அந்த ஊரைக் கட்டினது கடலைப் பார்க்க என்பதைவிட, கடலில் போகிறவன் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட என்றால் பொருந்தும். நாங்கள் படி ஏறி மேலே போய் நின்றுகொண்டு காட்சி எங்கே என்று கேட்கிறோம்.

ஏப்ரல் 20

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நின்றபோது அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அதற்கு முதல் வாரம் பலெர்மோவில் மொந்தே பெல்லெகிரினோ ஏறி சாந்தா ரொசாலியா மாதாவிடம் போயிருந்தோம். இங்கே இருக்கிற எங்கள் சனம் சைவம், வேதம் என்று பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்குப் போவது எல்லாருக்கும் தெரியும். அந்த ஞாபகத்தில் அம்மா எரிச்சேயிலும் கோட்டை வாசலில் செருப்பைக் கழற்றப் பார்த்தார். உள்ளே போனால் புல், உடைந்த சுவர், வீனஸின் கிணறு என்று ஒரு வட்டக் குழி. "கோயில் எங்கை?" என்றார். இடித்துவிட்டார்கள், அதன் கல்லில்தான் ஊர் வாசலில் இருக்கிற பெரிய தேவாலயத்தைக் கட்டினதாய்ச் சொல்கிறார்கள், 1314இல், என்றேன். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "கல்லு எண்டாலும் கோயில்லைதானே இருக்கு" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

கீழே உப்பளங்களைக் கண்டதும்தான் முகம் மாறியது. சதுரம் சதுரமாய்த் தண்ணீர், சிலது இளஞ்சிவப்பு, ஓரத்தில் காற்றாலைகள், ஓடு மூடின உப்புக் குவியல்கள். "ஆனையிறவு" என்றார் உடனே. அதற்குப் பிறகு தீவைக் காட்டினாலும் பார்க்கவில்லை, உப்பு எப்போது வாருவார்கள், கூலி என்ன என்று ஒரே கேள்வி.

ஏப்ரல் 21

அம்மன் கோயிலில் பெண்கள் வேசித்தொழில் செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டவருக்கு: வீனஸுக்கு நேர்ந்துவிட்ட அடிமைப் பெண்கள் நிறைய இருந்ததாய்ப் பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். மிச்சக் கதைகள் பிற்காலத்தவரின் வாயூறல் என்று இப்போது பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. எனக்குப் பிடித்தது புறாக் கதை. வருடத்தில் ஒரு நாள் அம்மன் லிபியாவுக்குப் புறப்படுவார், கோயில் புறாக்கள் எல்லாம் அவரோடு போய்விடும். ஒன்பது நாள் கழித்து முதல் புறா கடலில் இருந்து திரும்பி வரும், மற்றதுகள் பின்னால் வரும், ஊர் கொண்டாடும்.

மே 3

திருத்தம். இந்த இழையில் வேறொருவருக்குப் பதில் எழுதும்போது, ரோமரோடு சண்டை பிடித்த வட ஆபிரிக்கக் கார்த்தேஜ் தளபதி ஹமில்கார் பர்கா கோயிலைப் பிடித்தார் என்று சொல்லிவிட்டேன். பிழை. அவர் கிமு 244இல் பிடித்தது நடுவில் இருந்த ஊரை மட்டும். உச்சியில் கோயிலை ரோமர் விடவில்லை, மலையடிவாரத்திலும் ரோமர். மேலேயும் எதிரி கீழேயும் எதிரி, நடுவில் இந்த மனிதன் இரண்டு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்திருக்கிறார். கடைசியில் தோற்றது மலையில் இல்லை, கீழே கடலில். கிமு 241இல் எகாதி தீவுகளுக்குப் பக்கத்தில் கார்த்தேஜ் கப்பற்படை தோற்றது, போர் முடிந்தது, சிசிலி கைமாறியது. அந்தச் சண்டையில் மூழ்கின கப்பல்களின் மூக்கில், எதிரிக் கப்பலை இடித்து உடைக்கப் பூட்டியிருந்த வெண்கல முட்டிகளை 2004இல் இருந்து லெவான்சோ பக்கத்தில் கடலடியில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. ஃபவிஞ்ஞானாவில் பழைய சூரைமீன் ஆலைக்குள் சிலதை வைத்திருக்கிறார்கள். ஆள் உயரம் இல்லை, ஆனால் முன்னால் நின்றால் வயிற்றைப் பிசைகிறது.

மேலே இருக்கிற மதிலையும் மூட்டத்தில் தவற விட்டிருப்பீர்கள். அடியில் இருக்கிற பெரிய கற்களில் ஃபினீசிய எழுத்துக்கள் வெட்டியிருக்கிறது. முதல் தடவை நான் யாரோ பெடியன்கள் கிறுக்கினது என்று நினைத்தேன்.

மே 4

இவ்வளவு எழுதி ஜெனோவேசே பற்றி ஒரு வரி இல்லையே என்று வீட்டுக்காரி கேட்கிறாள். சரி.

கைக்குள் அடங்குகிற வட்டப் பலகாரம். மொறுமொறு என்று உதிர்கிற மாவுக்குள் முட்டைப்பால் கிரீம், மேலே ஐசிங் சீனி தூவி. அடுப்பில் இருந்து வந்த சூட்டோடு சாப்பிட வேண்டும், அங்கேதான் விபத்து. வெளி மாவு ஆறிவிடும், உள்ளே கிரீம் ஆறாது. முதல் கடியில் நாக்கு, இரண்டாவது கடியில் கிரீம் முழங்கை வரை. கறுப்புக் கோட்டோடு போனால் சீனியும் சேரும். மூட்டம் மூடின நாளில் கடை வாசலில் நின்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு ஊதி ஊதித் தின்கிற சுகத்தை வெயில் நாளில் அடைய முடியாது, இது என் ஏழு பயணத்தின் முடிவு.

இதற்குப் பின்னால் ஒரு கஷ்டக் கதை இருக்கிறது. அந்த ஊர்ப் பாதாம் பலகாரங்கள் எல்லாம் ஒரு காலத்தில் மடத்துக் கன்னியாஸ்திரிகளின் கைவேலை. கம்பித் தடுப்புக்குப் பின்னால் இருந்து, சுழலும் பெட்டியில் வைத்து முகம் காட்டாமல் வெளியே விற்பார்கள். மரியா கிராமாத்திக்கோ என்ற பெண்ணை, தகப்பன் செத்து, தாய்க்கு வளர்க்க வழியில்லாமல் பதினொரு வயதில் தங்கையோடு சான் கார்லோ மடத்தில் விட்டார்கள். 1950களின் தொடக்கம். விடிய எழும்பிப் பாதாம் உடைப்பது, அரைப்பது, கழுவுவது. செய்முறையை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ரகசியம். வேலை செய்துகொண்டே கள்ளமாய்ப் பார்த்துப் பழகியிருக்கிறார். வெளியே வந்து 1960களில் சொந்தக் கடை போட்டார். இன்றைக்கு எரிச்சே என்றாலே அந்தக் கடை. முன்னால் வரிசை நிற்கும், கண்ணாடிக்குள் பாதாம் மாவால் செய்த பீச் பழம், அத்திப்பழம், உண்மைப் பழம் என்று நினைத்து என் மகன் ஒருக்கால் கழுவித் தரச் சொன்னான்.

மே 19

கொஞ்சம் யோசித்தேன். நான் மேலே எழுதினதில் ஒரு கள்ளம் இருக்கிறது. அமைதி, வெற்றுத் தெரு, பாதி திறந்த கதவு என்று வடிவாய் எழுதிவிட்டேன். தெரு ஏன் வெறுமை? ஆள் இல்லை, அதனால். எரிச்சே நகரசபைக்குக் கணக்கில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் சனம், ஆனால் அவர்களில் மிகப்பெரும்பாலோர் இருப்பது கீழே, திராப்பனியோடு ஒட்டின காசா சாந்தா பக்கத்து மாடிக் குடியிருப்புகளில். மதிலுக்குள் வருடம் முழுக்க இருப்பது சில நூறு பேர். பள்ளிக்கூடம், வேலை, ஆஸ்பத்திரி எல்லாம் கீழே என்றால் மலையில் யார் இருப்பார்கள்? நானும் இருக்க மாட்டேன். என் கண்ணுக்கு அழகாய்த் தெரிவது இன்னொருவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போன இடம். ஊரை விட்டு வந்த நான் இதை முதலிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

மே 19, இன்னும் ஒன்று

மேலே ஸ்ட்ராபோவைச் சொன்னேன் அல்லவா, அதே இடத்தில் அவர் எழுதுகிறார், இப்போது அந்த ஊரில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள், கோயிலில் பெண்களும் குறைந்துவிட்டார்கள் என்று. இரண்டாயிரம் வருடத்துக்கு முதலே ஊர் வெறுமையாகிறது என்று முறைப்பாடு. இதைப் படித்தபிறகு மேலே எழுதின கவலையில் பாதி குறைந்தது, எதற்கு என்றுதான் தெரியவில்லை.

காலியான மடங்களில் சிலதுக்கு நல்ல விதி வாய்த்தது. 1960களின் தொடக்கத்தில் திராப்பனியில் பிறந்த இயற்பியலாளர் அந்தோனினோ சிக்கிக்கி அங்கே ஒரு அறிவியல் மையம் தொடங்கினார், பழைய மடங்கள்தான் விரிவுரை மண்டபம், தங்குமிடம் எல்லாம். பெயர் எத்தோரே மயோரானா மையம். மயோரானா கத்தானியாவில் பிறந்த இயற்பியலாளர், பெரிய மூளை, 1938இல் பலெர்மோ, நாப்போலி கப்பல் பயணத்தோடு காணாமல் போனவர், இன்றுவரை மர்மம். காணாமல் போனவர் பெயரை மூட்டத்துக்குள் காணாமல் போகிற ஊரில் வைத்ததற்கு ஒரு சபாஷ். 1982இல் டிராக், கபிட்சா, சிக்கிக்கி என்ற மூன்று இயற்பியலாளர்களும் அணு ஆயுதக் காலத்தில் அறிவியலில் ரகசியம் கூடாது என்று எழுதின அறிக்கைக்கு எரிச்சே அறிக்கை என்றே பெயர்.

ஜூன் 8

பெயர் பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. 1934 வரைக்கும் ஊருக்கு மொந்தே சான் ஜூலியானோ என்றுதான் பெயர். அரபுக்காரர் காலத்தில் ஜெபெல் ஹமீத். முசோலினி காலத்தில்தான் பழம்பெருமைக்குப் பழைய பெயரைத் தூசு தட்டி எடுத்தார்கள். அப்போ 'பழமையான எரிச்சே' என்ற பெயர்ப்பலகைக்கு வயது கிட்டத்தட்டத் தொண்ணூறுதான்.

ஜூன் 8

அங்கே என்ன சப்பாத்து போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். ரப்பர் அடி. குதிச்செருப்பு வேண்டாம். நான் தோல் சப்பாத்தோடு போய், பெரிய தேவாலயத்துக்குப் பக்கத்துச் சரிவில் மூன்று ஜெர்மன் கிழவிகளுக்கு முன்னால் வழுக்கி, இருந்த இருப்பில் நாலு மீட்டர் போனேன். கையில் ஜெனோவேசே. விடவில்லை.

ஒக்டோபர் 27

எட்டாவது தடவை. லண்டனில் இருந்து வந்த மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன், இந்த இழையைப் பார்த்துவிட்டுத்தான் அவன் கேட்டான். அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, வானம் கழுவி விட்டமாதிரி. பாலியோ பூங்காவில் நின்றால் எல்லாம் தெரிகிறது: அரிவாள் முனை, உப்பளம், லெவான்சோ, ஃபவிஞ்ஞானா, தூரத்தில் மரேத்திமோ, வடகிழக்கே மொந்தே கோஃபானோ மலை. தென்மேற்கே ஒரு மங்கல் கோட்டைக் காட்டி ஒரு கிழவர் துனீசியா என்றார், மருமகன் அது மேகம் என்றான், கிழவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் கேள்வி கேட்டவருக்கு இதை ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தக் காட்சி வடிவு, நான் இவ்வளவு நாளும் நரிக்குத் திராட்சை புளித்தமாதிரித்தான் கொஞ்சம் எழுதியிருக்கிறேன். ஆனால் பதினைந்து நிமிடம். அதற்குப் பிறகு அவன் தொலைபேசியை எடுத்துவிட்டான், நானும் எடுத்துவிட்டேன்.

நாலு மணிபோல ஒழுங்கைக்குள் நிற்கும்போது திராப்பனி வாசல் பக்கம் இருந்து வரத் தொடங்கியது. முதலில் தெருவின் அந்தத் தலை இல்லை, பிறகு விளக்குக் கம்பம் இல்லை, பிறகு கோட்டில் எல்லாம் ஈரம். எங்கேயோ யாரோ கோப்பை கழுவுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பெடியன் தொலைபேசியைப் பைக்குள் வைத்தான். "மாமா, இப்ப கடல் எந்தப் பக்கம்?" என்றான். எட்டுத் தடவை வந்த ஆள் என்ற தெம்பில் கையைக் காட்டினேன். அந்தப் பக்கமே நடந்தோம், நடந்து போய் ஒரு மடத்தின் பின்சுவரில் முட்டிக்கொண்டு நின்றோம்.